கடைசிப் பாட்டின் நான்கு நிமிடங்கள்

"அன்னிக்குப் பாட்டு நடுவுல லென் தூங்கிட்டான். அவ்வளவுதான் விஷயம்" என்று மால்கம் மேசையைத் தட்டினார்.

"தூங்கலடா. நான் கிட்டார் வாசிச்சதைக் கேட்டு, குச்சியைக் கீழ போட்டுட்டு மெய்மறந்து உக்காந்துட்டான்" என்றார் ட்ரெவர்.

டிரம்ஸ் வாசித்த லென், பர்மிங்காமின் அந்தத் தேநீர்க் கடையில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேக்கன் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தார்.

ஏற்கெனவே பெயர் எடுத்திருந்த நான்கு பேர் 1971இல் ஒன்று சேர்ந்து ஆரம்பித்த ப்ளூஸ் ராக் குழு அது. முதல் ஆல்பத்தோடு கலைந்துபோனது. யார் பெயரை முதலில் போடுவது என்ற சண்டையில், அட்டையில் யார் பெயருமே வரவில்லை.

இப்போது அதை மறுபடியும் இசைத்தட்டாக வெளியிட வந்திருந்தாள் ஜெம்மா.

"கடைசிப் பாட்டுல நாலு நிமிஷம் டிரம்ஸே இல்ல, வெறும் கிட்டார்தான். கேக்குற பசங்க அழுவுறாங்க. அதை வாசிச்சது யாரு? நாளைக்கு அட்டை அச்சுக்குப் போகுது. ஒரு பேரு சொல்லுங்க."

அட்டையில் தன் பெயரோடு ஒரு வரி வந்தால் மால்கத்துக்குப் போதும். இரண்டு விவாகரத்து, ஒரு இதய அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் அவர் தாண்டி வந்தது அந்த நான்கு நிமிடங்களைச் சொல்லிச் சொல்லித்தான்.

"நான்தான்" என்றார்.

"உன் விரலுக்கு அது வருமா? நான்தாம்மா" என்றார் ட்ரெவர்.

அந்த வாரம் இருவரும் போட்டி போட்டு முப்பது தடவை வாசித்திருந்தார்கள். அதில் எதை ஆல்பத்தில் சேர்த்தார் என்று சொல்ல ஒலிப்பதிவாளர் இப்போது உயிரோடு இல்லை. குழுவின் நான்காவது ஆள், பாடியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"லென்னைக் கேக்கலாமே?" என்றாள் ஜெம்மா.

மால்கம் சிரித்துவிட்டார். ஐம்பது வருடங்களில் எந்தப் பத்திரிகைக்காரனும் லென்னைப் பேட்டி எடுத்ததில்லை. டிரம்ஸ்காரரிடம் என்ன கேட்பது?

ஆனாலும் லென் தன் பக்கம்தான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். "சொல்லுடா லென். தைரியமா சொல்லு."

லென் மீசையில் ஒட்டியிருந்த சாஸைத் துடைத்துக்கொண்டார். "பதிவோட கடைசி நாள் நீங்க ரெண்டு பேரும் வெளிய கார் பக்கத்துல சட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. ஸ்டுடியோவுல நமக்குக் குடுத்த நேரம் முடியப்போவுதுன்னு ஒலிப்பதிவு பண்றவரு கத்தினாரு."

"அந்தக் கதையெல்லாம் யாருடா கேட்டா?" மால்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த நாலு நிமிஷம் நீ ஏன் டிரம்ஸை நிறுத்தின? அதைச் சொல்லு!"

லென் அடுத்த துண்டை எடுத்தார்.

"டிரம்ஸு, கிட்டாரு ரெண்டையும் ஒரே ஆளு எப்படிடா வாசிக்கிறது?"