முப்பத்தேழாவது ஆசாமி

“முப்பத்தேழு பேரு நிக்கிறாங்க, நீ முப்பத்தாறுன்னு போட்டு வச்சிருக்க. ஒருத்தன சேக்கவே இல்ல. அவன் உனக்கு என்னாம்மா பாவம் பண்ணான்?”

சூப்பர்வைசர் திருமுருகன் கத்திய கத்தலில், கீழே டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள். அஸ்வினி மட்டும் நிமிரவில்லை. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பென்குயின்கள். அன்டார்க்டிகாவில் ஒரு கேமரா தினமும் காலை ஆறு மணிக்குத் தானாகவே படம் எடுத்துத் தள்ளியிருந்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் பதினாலு பெண்கள் உட்கார்ந்து தலை எண்ணினார்கள்.

ஒரே படத்தை மூன்று பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். மூன்று கணக்கும் ஒத்துப்போனால்தான் அது ஆராய்ச்சி நிலையத்தின் காப்பகத்துக்குப் போகும். அங்கே போய்விட்டால் நூறு வருஷத்துக்கு யாரும் கைவைக்க முடியாது.

அஸ்வினி கல்லைப் பறவை என்று எண்ணுகிற ரகமில்லை. ஆனால் அறுபது நாள் படத்திலும் அவள் கணக்கில் மட்டும் சரியாக ஒன்று குறைந்தது. ஓரத்துப் பாறையருகே, முதுகைக் காட்டிக்கொண்டு, பொட்டு மாதிரி கறுப்பாக ஒன்று தெரியும். அறுபது நாளும் அதைத்தான் விட்டிருந்தாள்.

“இன்னிக்கு பெரிய சாரே நேர்ல வர்றாரு. உன்னால காண்ட்ராக்டு போச்சுன்னா பதினாலு பேரும் ஷூ கம்பெனிக்குத்தான் போவணும். விடியக்காலம் நாலு மணிக்கு வேன் வந்து நிக்கும், தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்காக அவள் மாமியாரிடம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அந்த ஒன்றை எண்ணாமல் விட்டதற்குக் காரணம் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்கிற காரணமா அது?

பதினோரு மணிக்கு விஞ்ஞானி சீனுவாசன் வந்து சேர்ந்தார். திருமுருகன் நீட்டிய இளநீரைக் கையில் வாங்கினாரே தவிர, குடிக்க நேரமில்லை. தன்னைப் பற்றி அவர் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

“அந்தக் கேமராவை வெச்சதே நான்தான். ரெண்டு மாசம் தன்னந்தனியா டென்ட்ல இருந்தேன். சுத்தி நாப்பது கிலோமீட்டருக்கு வேற மனுஷனே கிடையாது. அந்த மண்ணுல ஒரு மிட்டாய்க் காகிதம்கூடப் போடக் கூடாது. என் குப்பை மொத்தத்தையும் மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவந்தேன்.”

பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். திருமுருகன் கையே தட்டிவிட்டான்.

சீனுவாசன் அஸ்வினியின் மேஜைக்கு வந்து, திரையில் அந்தக் கறுப்புப் பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இது யாருன்னு தெரியுமாம்மா? இதைப் பத்தி நான் கட்டுரையே எழுதியிருக்கேன். தினமும் அதே நேரம், அதே பாறை. கூட்டத்தோட சேராது. தலையைக் குனிஞ்சு அப்படியே நிக்கும். ஜோடியைப் பறிகொடுத்த பறவைம்மா. அந்தத் துக்கத்தை எண்ணாம விட உங்களுக்கு எப்படி மனசு வந்துது?”

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருத்தி மூக்கையே உறிஞ்சினாள்.

“அது துக்கமில்ல சார்” என்றாள் அஸ்வினி, யாருக்கும் கேட்காத மாதிரி. அவருக்குக் கேட்டுவிட்டது.

“பின்ன என்ன? காரணத்தைச் சொல்லுங்க. இல்லேன்னா உங்க ஆபீஸ் கணக்கு மொத்தத்தையும் அழிச்சிட்டு வேற ஊர்ல எண்ணிக்கறேன்.”

பதினாலு பேருடைய பிழைப்பு. இனி வெட்கம் பார்த்தால் நாலு மணி வேன் வந்துவிடும். அஸ்வினி ஆரம்பித்தாள்.

“ஆறு வருஷமா ஜன்னலோர சீட்டுலதான் பஸ்ல வந்துக்கினு இருக்கேன் சார். யாராச்சும் இந்த மாதிரி நின்னா மூஞ்சியத் திருப்பிக்கினு போறதுதான் பழக்கம். இங்கியும் அப்பிடியே திருப்பிக்கினு அடுத்தத எண்ணிட்டேன்.”

“எந்த மாதிரி நின்னா?”

“காலங்காத்தால எழுந்து வந்து, மறைவாப் பாத்து, அந்தாண்ட திரும்பிக்கினு, கால அகட்டி, தலையக் குனிஞ்சிக்கினு... நம்ம பஸ் ஸ்டாண்டு செவுத்தாண்ட தெனம் நிக்கிறாங்களே சார், அந்த மாதிரி.”

பக்கத்து சீட்டு நாசியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு மேஜைக்கடியில் எதையோ தேடக் குனிந்தாள்.

சீனுவாசன் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். இளநீர் சாய்ந்து அவர் சட்டையில் வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

திருமுருகனுக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. “உனக்கு என்னா பைத்தியமா? திண்டிவனத்துல நிப்பாங்க, சரி. அந்தப் பனியில எந்த ஆளும்மா வந்து நிப்பான்?”

இந்தத் தடவை அஸ்வினி நிமிர்ந்தே சொன்னாள்.

“அதான் சாரே சொன்னாரேண்ணா, நாப்பது கிலோமீட்டருக்கு வேற ஆளே இல்லன்னு!”