மாப்பிள்ளைக்குப் புது பிலிம்

“காபி ஆறுனா ஆறட்டும்மா. வெயிலு போயிருச்சுன்னா படம் எடுக்க முடியாது.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தாயாரிடம் இவ்வாறு சொல்லிவிட்டு, தன்னைப் பெண் பார்க்க வந்திருந்த கிளமெண்டை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றாள் ஹெப்சிபா. அவள் தோளில் பிலிம் கேமரா தொங்கியது.

கூடத்தில் அமர்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பரவையிலிருந்து வேன் பிடித்து ஆனையூர் வந்து சேர்ந்து, ஜெபம் முடித்து, கேசரியில் கை வைக்கும் வேளையில் மாப்பிள்ளையையே மாடிக்குக் கொண்டுபோய்விட்டால் யாருக்குத்தான் திகைப்பு உண்டாகாது? ஹெப்சிபாவின் தந்தை ஞானசீலன் நிலைமையைச் சமாளிக்க முன்வந்தார். மகள் மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியை என்றும், பிலிமில் படம் எடுப்பதென்றால் அவளுக்கு உயிர் என்றும், புதிதாக வெளிவந்திருக்கும் கலர் பிலிம் ஒன்றைச் சென்னையிலிருந்து தருவித்திருக்கிறாள் என்றும், அதற்கு ஏற்ற நல்ல முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள் என்றும் எடுத்துரைத்தார். ‘நல்ல முகம்’ என்ற சொற்கள் மாப்பிள்ளையின் தாயாரைக் குளிர்வித்தன. அவர் கேசரித் தட்டை அருகில் இழுத்துக்கொண்டார்.

அந்த மாடி தம் மகளின் தேர்வுக்கூடம் என்பதை மட்டும் ஞானசீலன் சொல்லவில்லை.

இதற்கு முன் வந்த மாப்பிள்ளைகளையும் ஹெப்சிபா அங்கேதான் நிறுத்தினாள். ஒருவர் பாதியில் கைபேசியை எடுத்து வீட்டுமனை விலை பேசத் தொடங்கினார். இன்னொருவர், இந்த டப்பாவில் என்ன விழுந்துவிடப் போகிறது என்று கேட்டு, ஒளிப்படக்கலையைப் பற்றி அவளுக்கே பாடம் நடத்தினார். இருவருக்கும் அன்று மாலையே மறுப்புச் சொல்லியனுப்பப்பட்டது. ஞானசீலன் பொறுமை இழந்து, “இவரையும் வெரட்டிட்டேன்னா இனிமே மாப்பிள்ளைய நீயே பாத்துக்க பாப்பா,” என்று அன்று காலையில்தான் எச்சரித்திருந்தார்.

அந்த எச்சரிக்கைக்குத் தேவையே இருக்கவில்லை. ஜெபத்தின் நடுவே எல்லாரும் கண் மூடியிருக்க, கிளமெண்டைப் பார்க்கலாமென்று ஹெப்சிபா மெதுவாகக் கண் திறந்தாள். அவனும் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணமே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இவன் தேறிவிட வேண்டுமே என்ற கவலை அப்போதுதான் பிறந்தது.

ஆயினும் தேர்வில் அவள் சலுகை காட்டவில்லை. முதலில், கொடியில் காய்ந்த சிவப்புப் போர்வையின் பக்கத்தில் அவனை நிறுத்தினாள். பிறகு பச்சைச் சேலையின் பக்கத்தில் நிறுத்தினாள். மாநிற முகத்தில் பச்சைச் சாயல் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றாள். அதன்பின் மஞ்சள் பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொடுத்து இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் கிளமெண்ட், மடிப்புக் கலையாத சட்டையுடன் குடத்தை ஏந்தி நின்றான்.

அடுத்த வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பெண்மணி சும்மா இருக்கவில்லை.

“என்ன டீச்சர், மாப்பிள்ளைய இப்பவே தண்ணி தூக்க விட்டாச்சா?”

“பழகிக்கிறேன்க்கா,” என்றான் கிளமெண்ட், தலையைத் திருப்பாமலே.

சூரியன் மேகத்துள் புகுந்தது. வெளிச்சம் திரும்பும் வரையில் அசையக் கூடாது என்று ஆணை பிறந்தது. அவன் அசையவில்லை. சட்டைப் பையில் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் அதையும் தொடவில்லை. ஹெப்சிபா கேமராவின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். முடிவு செய்தாகிவிட்டது.

கீழேயிருந்து அழைப்பு வந்தது. எல்லாரும் அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்களாம்.

“எம்படத்த எப்பப் பாக்கலாம்?” என்று கேட்டான் கிளமெண்ட்.

ஹெப்சிபாவின் முகம் மாறியது. பிலிம் சென்னைக்குப் போய்க் கழுவப்பட்டு வரவேண்டும், வழியில் கெட்டுப்போயிற்று என்று பிறகு சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உண்மையைச் சொன்னாலோ, இவ்வளவு நேரம் தன்னைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டாள் என்று அவன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடக்கூடும். தேடி வந்த நல்ல சம்பந்தம் கைநழுவிப் போகும். படிக்கட்டையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தவள், கடைசியில் துணிந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேமராவுல பிலிமே இல்ல. புது பிலிமு கெட்டுறக் கூடாதுன்னு ப்ரிட்ஜுலதான் இருக்கு. வர்றவுக எப்படின்னு தெரியாம அத எப்படி வீணாக்குறது? எம்புட்டு நேரம் பொறுமையா நிக்கிறீங்கன்னு பாக்கத்தான் இம்புட்டும் செஞ்சேன். தப்புன்னா மன்னிச்சிருங்க.”

“தெரியும்,” என்றான் கிளமெண்ட்.

அவள் குனிந்து கேமராவைப் பார்த்தாள்.

“உள்ள பிலிம் இருந்தா, லீவர இழுக்கையில அந்தப் பக்கத்துக் குமிழும் கூடவே சுத்தணும். மொத படத்துலயே சுத்தலையே. எங்க மாமா ஸ்டுடியோவுலதான் நான் வளந்தேன்.”

“தெரிஞ்சுமா இம்புட்டு நேரமும் கொடத்தோட நின்னீங்க? எதுக்கு?”

“கடைசிவரைக்கும் மறைக்கிறீங்களா, நீங்களாச் சொல்லுறீங்களான்னு பாக்கத்தான். மறைச்சிருந்தீங்கன்னா, ‘வீட்டுல கலந்துக்கிட்டு பதில் சொல்லுறோம்’னு சொல்லிட்டு அப்பவே வேன்ல ஏறியிருப்பேன்.”