விலைக்கேற்ற டேப்

"மூணு மடங்கு விலைங்கிறீங்களே, இதை வெச்சுக்கிட்டா மூணு மடங்கு மூளை வளருமா?"

பியோ ஜே-குக் போட்ட சத்தத்தில் சியோல் நகரத்து அந்த டேப்லெட் கடையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. விற்பனையாளன் சிரிப்பு மாறாமல், பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல செலோரா டேப்பை இரண்டு கைகளிலும் ஏந்திக் காட்டினான்.

"தொட்டுப் பாருங்க சார். உடம்பு பூரா உலோகம். பேனாவால எழுதினா காகிதத்துல எழுதற மாதிரியே இருக்கும்."

"காகிதத்துல எழுதற மாதிரி இருக்கணும்னா காகிதத்துலேயே எழுதிட்டுப் போறான்! இதோ பாரு, நாரே டேப். அதே திரை, அதே பேட்டரி, அதே பேனா. பின்னாடி அந்த வெள்ளி முத்திரைதான் இல்லை. ஒரு முத்திரைக்கா இவ்வளவு காசு? பகல் கொள்ளை!"

மகன் உன்-சோங் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரசுப் பணித் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். மூன்றாவது தேர்வு வசந்தத்தில் வருகிறது.

"நாரேயை வெச்சுக்கிட்டுத்தானே அப்பா ரெண்டு தடவையும் போச்சு? நான் படிக்கிற காபிக் கடையில எல்லாரும் செலோராதான் வெச்சிருக்காங்க. அங்க நாரேயை வெச்சுத் தாக்குப் பிடிக்க முடியாது. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"ஏன், நாரேயில சட்டப் புத்தகம் திறக்க மாட்டேங்குதா?"

மனைவி மி-ரன் அவர் கையைக் கிள்ளினாள்.

"என்னங்க, வாங்கிக் குடுத்துடுங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா டேப் மேல பழியைப் போட்டுட்டு நிம்மதியா இருந்துடுவான். அந்தச் சாக்கு அவனுக்கு இருக்கவே கூடாது."

பியோ பல்லைக் கடித்துக்கொண்டு கடன் அட்டையை நீட்டினார்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் பிற்பகல், குளியல் விடுதியின் வெந்நீர்த் தொட்டியில் சுகமாக ஊறி எழுந்த பியோவுக்கு, தன் காசு எப்படிப் படிக்கிறது என்று நேரில் பார்க்கும் ஆசை வந்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் குவியும் நொர்யாங்ஜின் பகுதியில் இருந்த அந்தக் காபிக் கடைக்குள் நுழைந்தார்.

ஜன்னலோர மேசையில் செலோரா கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பேனா. ஐஸ் கரைந்து நிறம் வெளுத்த காபி. மகனைக் காணோம்.

கழிப்பறைக்குப் போயிருப்பான் என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்தும் யாரும் வரவில்லை. கைப்பேசியில் அழைத்தார்.

"எங்கடா இருக்கே?"

"காபிக் கடையிலதான்ப்பா. ஜன்னல் பக்கம்." ரகசியம் பேசுகிற குரல். "நிர்வாகச் சட்டம் ஓடிக்கிட்டிருக்கு. அப்புறம் பேசட்டுமா?"

பின்னணியில் நிர்வாகச் சட்டம் படபடவென்று சுட்டது. "மருந்தை எடுடா, சாகப்போறே!" என்று கம்ப்யூட்டர் கேம் ஆடும் எவனோ கத்தினான். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கடை முதலாளியம்மா பணிவோடு வந்து நின்றாள். "சார், அது ஆள் இருக்கிற இடம்."

"ஆள் எங்கேம்மா?"

"அதான் டேப் இருக்கே."

"டேப்பா தேர்வு எழுதப் போகுது? இதை வெச்சுட்டு எப்போ போனான்?"

"காலையிலங்க. தினமும் அப்படித்தான். மத்தியானம் அவங்க அம்மா வந்து எட்டிப் பார்ப்பாங்க. டேப் இருந்தா, பையன் இங்கதான் எங்கேயோ இருக்கான்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவை வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதுக்கு மட்டும் தம்பி தவறாம வந்துடும்."

"நீங்களும் சும்மா விட்டுட்டீங்களா? எடுத்து ஓரமா வெச்சுட்டு இடத்தை வேற யாருக்காவது குடுக்கறது!"

"நாரேன்னா குடுத்திருப்பேன் சார். முன்னாடி அந்தத் தம்பி அதைத்தான் வெச்சுட்டுப் போகும். கொஞ்ச நேரம் பார்ப்பேன், எடுத்துக் கல்லாவுல வெச்சுடுவேன். அம்மாகிட்ட மாட்டிக்கிட்டுப் பாவம் முழிக்கும்." செலோராவைப் பார்த்து அவள் குரலில் தானாகவே மரியாதை ஏறியது. "இதை யாரு தொடுவா? கீறல் விழுந்தா நான்ல பதில் சொல்லணும்? அதுவும் இவ்வளவு விலை உசந்ததை வெச்சுட்டுப் போறவர் ரொம்ப தூரம் போக மாட்டார்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

பியோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மேசையில் ஓங்கி அறைந்தார். செலோரா அசையவில்லை. நல்ல தயாரிப்பு.

"மோசடி! ஒரு சாமானை உட்கார வெச்சுட்டு ஆள் ஊர் சுத்தறதா? பெத்தவங்களை ஏமாத்தறது ஒரு பக்கம், நம்பிக்கிட்டிருக்கிற நாட்டையே ஏமாத்தறதும்மா இது! நாளைக்கு இவனுங்கதான் அரசாங்க நாற்காலியில உட்காரப் போறானுங்க! இந்தத் தலைமுறைக்கு வெட்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் தலை நிமிர்ந்தார்கள். மீதி மேசைகளில் டேப்கள் மட்டுமே இருந்தன.

"சத்தம் போடாதீங்க சார், தண்ணி குடிங்க," என்று முதலாளியம்மா உள்ளே ஓடினாள்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் யுக்.

"சார், எங்க இருக்கீங்க? காலையிலேர்ந்து இயக்குநர் ரெண்டு தடவை உங்க இடத்துக்கு வந்து பார்த்துட்டார். நாற்காலியில உங்க கோட்டு தொங்குதே, இங்கதான் எங்கேயோ இருப்பார்னு சமாளிச்சுட்டேன். இனிமே நம்ப மாட்டார் போலிருக்கு சார்."

பியோ உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது மலிவு கோட்டுய்யா, அதான். நாளைக்கே விலை உசந்ததா ஒண்ணு வாங்கித் தொங்கவிட்டுடறேன்."