ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தாச்சு

"அக்கா... அப்பா உன்னக் குடுத்துட்டார்க்கா."

போர்வையை இழுத்து மூடியிருந்த அக்கா தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "யாருக்குடி?"

"நீல டீமுக்கு. இப்பதான் போன்ல பேசிட்டிருந்தாரு." இருட்டில் தங்கையின் பற்கள் தந்தியடித்தன.

அவர்களுடைய அப்பா, மஞ்சள் சட்டை போடும் பெண்கள் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளர். இந்த வருடமும் கடைசி இடம். அக்கா ஒன்பதாம் நம்பர். அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆள். தங்கை கோல்கீப்பர். வருகிற பந்தையெல்லாம் உள்ளே விட்டுவிடுவதால் அவளுக்குக் 'கதவு' என்று பெயர்.

சீசன் முடிந்ததிலிருந்து வீட்டில் மற்ற அணிகளோடு ஆள் மாற்றுகிற பேச்சுதான். ஃப்ரிட்ஜின் மேல் ஆட்டக்காரிக்கு ஒன்றாக நம்பர் எழுதிய காந்த வில்லைகள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அப்பா ஒன்றை எடுப்பார், ஒன்றை ஒட்டுவார். ரைட் பேக் ஆடுகிறவளைக் கொடுத்து ஆசையாக ஒருத்தியை வாங்கினார். அவளுக்கு முழங்கால் போய்விட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"ரெண்டு பொண்ணு குடுக்கறேன், உங்க லெஃப்ட் விங் பொண்ணக் குடுங்க" என்று அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த மாடிவீட்டுக்காரர் தன் தம்பிக்கும் ஒரு வரன் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒழுங்கா சொல்லு. என்ன கேட்ட?" என்றாள் அக்கா.

"தண்ணி குடிக்கப் போனேன். நீல டீம் கோச்தான் லைன்ல. 'பெரியவள உங்களுக்குக் குடுக்கறதுல எனக்கு முழு சம்மதம், ஒரே ஒரு கண்டிஷன்'னாரு. அதுக்குள்ள எனக்கு அழுகை வந்துடுச்சு, ஓடி வந்துட்டேன்."

"ஃப்ரிட்ஜப் பாத்தியா?"

"பாத்தேன். உன் ஒன்பது இருந்த எடத்துலயேதான் இருக்கு. பக்கத்துல புதுசா ஒரு வெள்ள வில்ல. அதுல நம்பரே இல்ல. உனக்குப் பதிலா வர்றவளுக்கு இன்னும் நம்பர் போடல போல."

அக்கா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு. அவங்க பஸ்ஸுல ஏசி இருக்கு. நம்மாளுங்க மாதிரி ஒரு வாழப்பழத்தப் பிச்சு ரெண்டு பேருக்குக் குடுக்க மாட்டாங்க" என்றாள்.

"அக்கா! வெளையாடாத. அடுத்த சீசன்ல நீ எதிர்ல நின்னு அடிப்ப. மொட்டமாடில ரப்பர் பந்துல அடிச்சதுக்கே எனக்கு ஒரு பல்லு போச்சு!"

"இன்னும் நெறைய இருக்குல்ல?"

"அதுகூடப் பரவால்ல." தங்கையின் குரல் இறங்கியது. "வரிசையா கோல் விட்டுட்டு நிக்கறப்ப, ஓடி வந்து 'விடுடி, நான் ஒண்ணு போட்டுக்கறேன்'னு யாருக்கா சொல்லுவா?"

அக்கா சட்டென்று போர்வைக்குள் புகுந்துகொண்டாள். போர்வை குலுங்கியது.

"அழாதக்கா."

போர்வை இன்னும் பலமாகக் குலுங்கியது. தங்கைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள்.

அப்பா ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அக்காவக் குடுக்காதீங்க. என்னக் குடுத்துடுங்க."

"உன்னையா? உன்ன யாருடி வாங்குவா? கூட ரெண்டு பேரச் சேத்துக் குடுத்தாலும் கும்புடு போட்டு அனுப்பிடுவாங்க."

"கோல் விட்டதெல்லாம் நான்தான... தோத்தது என்னாலதான... அதுக்கு அவ எதுக்குப் போகணும்?" மூக்கை உறிஞ்சினாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா உன்னாலன்னு? நான் ஃபார்வர்டு ஆடினவன். கீப்பருக்குச் சொல்லிக் குடுக்க எனக்கு என்ன தெரியும்? நீல டீம் கீப்பருக்கு ட்ரெய்னிங் குடுக்கறானே, அந்தக் கோச்சோட பையன், அவனக் கொஞ்ச நாளு அனுப்புங்கன்னு மூணு சீசனாக் கெஞ்சறேன். உசுரே போனாலும் தரமாட்டேன்னுட்டாரு மனுஷன்."

"அதுக்காக அக்காவ அவங்க டீமுக்குக் குடுப்பீங்களா?"

"டீமுக்கா? அடிப் பைத்தியமே! அந்தப் பையனுக்குக் குடுக்கறேன்டி. ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சாம். உங்கக்காவே வந்து சொன்னா."

தங்கை திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், அத்தனையும் சிரித்துச் சிரித்து வந்தது.

கல்யாணம் என்று தெரிந்தும் தங்கைக்கு முகம் தெளியவில்லை. "எப்படியிருந்தாலும் அந்த வீட்டுக்குப் போயிடுவால்ல? போனா அவங்களுக்குத்தான ஆடுவா?"

அப்பா வெள்ளை வில்லையைப் பெயர்த்தெடுத்தார். தங்கையின் ஒன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"கண்டிஷன முழுசாக் கேக்காம ஓடிட்டியேடி... அவன் வீட்டோட மாப்பிள்ளை!"