ஒரே எண், இரண்டு துடிப்பு

"அக்கா, லீவுல இருக்கறப்ப தொந்தரவு பண்றேன், திட்டாதீங்க. பாக்கெட் பிடிக்கிற ப்ரோக்ராம் வெறும் எர்ரரா கக்குது!"

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஏசி குளிரில் நடுங்கியபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவன் பேசினான். எதிரே யூனிக்ஸ் சர்வர். மேலே, மூன்றாவது மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே படுக்கைக்கு ஒரு கருவி. நோயாளியின் இதயம் ஒரு தடவை துடித்தால், கருவி அந்தச் சேதியை ஒரு சின்னப் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாக, இந்த சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை நர்ஸின் திரையில் காட்டும். காலையிலிருந்து ஏழாம் படுக்கையின் துடிப்பு மட்டும் திரையில் தாறுமாறாகக் குதித்து, அலாரம் அடித்த வண்ணம் இருந்தது. காரணம் கண்டுபிடிக்கத்தான், வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் ப்ரோக்ராமை அவன் ஓட்டிப் பார்த்தான்.

"கத்தாதடா, அவசரக்குடுக்கை. பக்கத்துல எல்லாரும் தூங்கறாங்க," என்றார் அக்கா கிசுகிசுப்பாக. "என்ன எர்ரர்? படி."

அவன் டேட்டாபேஸ் ஆள். நெட்வொர்க் என்றால் அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். அது எக்ஸ்ரே அக்காவின் ராஜ்யம். எந்தக் கோளாறையும் ஊடுருவிப் பார்த்துவிடுவார் என்பதால், மருத்துவமனை சர்வரைப் பராமரிக்கும் அவர்கள் கம்பெனியில் அவருக்கு அந்தப் பெயர். பத்து நாள் லீவு போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சொந்த வேலை" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

"அனுமதி இல்லைன்னு சொல்லுதுக்கா."

"சாதா ஆளா நுழைஞ்சா அப்படித்தான் சொல்லும். அட்மினா நுழைஞ்சு ஓட்டு."

ஓட்டினான். "இப்ப எர்ரர் இல்ல. ஆனா ஒரு பாக்கெட்கூட வரல. பூஜ்யம்."

"அந்த சர்வருக்கு நெட்வொர்க் கார்டு ரெண்டு. வார்டு கேபிள் ரெண்டாவதுல வருது. விருந்தாளி கொல்லைப்பக்கம் வர்றார், நீ முன்வாசல்ல மாலையோட நிக்கற."

அவன் தலையில் அடித்துக்கொண்டு ப்ரோக்ராமை இரண்டாவது கார்டுக்கு மாற்றினான். திரையில் வரிகள் கொட்டோ கொட்டென்று கொட்டின.

"வருதுக்கா! ஆனா பாதிக்கு மேல தவறிப் போச்சுன்னு கடைசி வரியில சொல்லுது."

"பாக்கெட் அனுப்பற ஒவ்வொரு மிஷின் முகவரிக்கும் பேர் என்னன்னு அந்த ப்ரோக்ராம் விசாரிச்சுக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள மத்தது நழுவிடும். பேரெல்லாம் வேணாம், எண் போதும்னு சொல்லு. ஏழாம் படுக்கையை மட்டும் பிடி."

அப்படியே செய்தான். எர்ரர் போன இடம் தெரியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொரு வரியும் மேலே யாருக்கோ ஒரு துடிப்பு. இத்தனை வருடம் இந்த சர்வரைப் பராமரித்தும் அவன் அதை இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. கை தானாகக் கீபோர்டிலிருந்து விலகியது.

"சீக்கிரம்கா. பதினோரு மணிக்கு அந்த ஏழாம் படுக்கைக்கு இதய ஆபரேஷன். மிஷினை நம்ப முடியாம ஆரம்பிக்க மாட்டேங்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தாம். யார் வீட்டு உயிரோ, பாவம்."

மறுமுனையில் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாரா இருந்தா என்ன? வரியைப் படி," என்றார் அக்கா.

படித்தான். பாதியில் நிறுத்தினான். "முகவரி ஒண்ணுதான். ஆனா மிஷின் நம்பர் ரெண்டு விதமா வருதே!"

"அப்படிப் போடு! எவனோ புண்ணியவான் ஸ்பேர் மிஷினுக்கும் ஏழுன்னே முகவரி குடுத்து, டெமோவுல ஓட விட்டிருக்கான். அது பாட்டுக்குப் பொய்த் துடிப்பை அனுப்பிக்கிட்டு இருக்கு."

"ஆறு மாடியில எங்கன்னு போய்த் தேடறது? மணி பத்தே முக்கால் ஆச்சு!"

"தேடாத. சர்வர்லயே அதைத் தடுத்துடு."

அவன் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தான். "எதைத் தடுக்கறது? ஒண்ணு நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு, அழகா சீரா வருது. இன்னொண்ணு தட்டுத் தடுமாறி வருது. மாத்தித் தடுத்துட்டேன்னா?"

"தடுமாறுறதுதான் நிஜமா இருக்கணும். ஆனா ஊகத்துல உயிரோட விளையாடக் கூடாது. கண்ணை எடுக்காமப் பாரு. இப்ப அந்தத் தடுமாறுறது மெதுவாகும்."

பார்த்தான். சீரானது சீராகவே வந்தது. தடுமாறியது மெதுவானது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இப்ப வேகமாகும்."

சொல்லி வாய் மூடவில்லை, அக்காவுக்கு இருமல் வந்தது; வரிகள் விறுவிறுவென்று ஏறின.

"அக்கா... நீங்க மனுஷிதானா?"

"அப்புறம் கும்பிடலாம். சீரா வர்றதைத் தடு." அக்காவுக்கு லேசாக மூச்சு வாங்கியது.

தடுத்தான். திரையில் ஒரே ஒரு துடிப்பு மிஞ்சியது. தடுமாறினாலும் நிற்காமல் நடந்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

"எங்கயோ உட்கார்ந்துக்கிட்டு, இங்க இருக்கற ஒரு இதயத்தை எப்படிக்கா..."

போனில் வேறொரு பெண்ணின் அதட்டல் கேட்டது. "மூச்சை அடக்கறதும் இருமறதுமா என்னம்மா விளையாட்டு இது? போனைக் குடுங்க. உங்க மிஷின் சரியாயிடுச்சு, டாக்டர் ரெடி. ஏழாம் படுக்கையைத் தள்ளுங்கப்பா!"

அவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையில் வரிகள் திடீரென்று தலைதெறிக்க ஓடத் தொடங்கின, இந்தத் தடவை அக்கா சொல்லாமலே.

"அக்கா," என்றான், போன் கைமாறுவதற்குள் அவசரமாக, "பயப்படாதீங்க. நான் இங்கயே உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

வரிகள் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தன.