குழாயைப் பிடுங்கியது யார்?

"அஞ்சாவது தடவைம்மா. இப்பவும் அவரேதான் பிடுங்கிக்கிட்டார்னு சொல்லாதீங்க."

கண்டக்டரின் மூக்கில் இருக்க வேண்டிய குழாய், நர்ஸின் கையில் தொங்கியது.

அவருக்குப் பக்கவாதம் வந்து பதினோரு நாள். வலப்பக்கம் கட்டை மாதிரி கிடந்தது. பேச்சு போய்விட்டது. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், சாப்பாடெல்லாம் மூக்குக் குழாய் வழியாகத்தான்.

முதல் நாலு தடவை பழி இடது கை மேல் விழுந்தது. நேற்று அதற்குக் குத்துச்சண்டைக்காரன் மாதிரி தடித்த பஞ்சு உறை மாட்டி, கட்டில் கம்பியோடு கட்டிப் போட்டார்கள். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை சும்மா இருக்குமா என்று மனைவியே முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

இன்று முடிச்சு அப்படியே இருக்கிறது. குழாய் மட்டும் வெளியே.

அறையில் இருந்தவள் மனைவி ஒருத்திதான். போன வாரம் ஸ்பூனும் கையுமாகப் பிடிபட்டவள் வேறு.

"வாய்வழியா ஊட்டணும்னு நீங்கதானே எடுத்தீங்க?"

"பாத்ரூம் போயிட்டு வந்தேன் சிஸ்டர். அந்தக் கர்மத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும், நான் எங்க தொடறது?"

"அப்ப குழாய் தானா எழுந்து நடந்து வந்துச்சா?"

டாக்டர் காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். இன்னொரு தடவை வெளியே வந்தால், நாளைக்கே வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய். சொந்தக்காரர் யாரும் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

அழுவாள் என்று நர்ஸ் எதிர்பார்த்தாள். அவளோ புருஷன் பக்கம் திரும்பி, ஊரே காதைப் பொத்துகிற மாதிரி கத்தின மனுஷன், பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சாட்சி சொல்லத் துப்பில்லையே என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல நில்லுங்கம்மா. பத்து மணிச் சாப்பாடு போயாகணும். முதல்ல குழாயைப் போடறேன், அப்புறம் டாக்டரைக் கூப்பிடறேன்."

தலைமாட்டை உயர்த்தி, புதுக் குழாயில் ஜெல் தடவி, நர்ஸ் மெல்ல மூக்கில் நுழைத்தாள். ரெண்டு அங்குலம்கூட இறங்கவில்லை. அவள் மணிக்கட்டை யாரோ இறுகப் பிடித்தார்கள்.

"கையை எடுங்கம்மா," என்றாள், திரும்பாமலே.

"நான் இங்கதானே நிக்கறேன்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். இடது கை உறைக்குள் பத்திரமாகக் கிடந்தது. அவளைப் பிடித்திருந்தது, இனி அசையவே அசையாது என்று எல்லோரும் கைவிட்டிருந்த வலது கை.