பாதி மிதித்த கிளட்ச்

மலைச்சாலையில் ஏற்றத்தின் நடுவே ஒரு சரக்கு லாரி நின்றது. மேலே மரம் விழுந்து வழி அடைத்திருந்தது. டிரைவர் சடையப்பன் ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஆக்சிலரேட்டரையும் அமுக்கி, லாரி பின்னால் உருளாமல் நிறுத்தி வைத்திருந்தார்.

உள்ளே, இன்ஜினின் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டுக்கு உடம்பெல்லாம் காந்தியது. இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் அதை உரசிக்கொண்டே சுற்றியது.

"அண்ணே, பிடிச்சா இறுக்கிப் பிடிங்க. இல்லேன்னா விட்டுடுங்க. ரெண்டுமில்லாம உரசினா எரியுது" என்றது பிளேட்.

"என் கையில என்ன இருக்கு? மேல இருக்கிற காலுதான் முடிவு பண்ணணும்" என்றது ஃப்ளைவீல்.

"நான் சும்மாதானே கிடக்கேன், என்னை இழுக்கச் சொல்லேன்" என்றது ஹேண்ட் பிரேக்.

டிரைவரிடம் சொல்லப் பிளேட்டுக்கு வாய் ஏது? தன் கருகல் வாடையைத்தான் மேலே அனுப்பியது.

சடையப்பன் மூக்கைச் சுளித்தார். "எவனோ முன்னால கிளட்சைப் போட்டு எரிக்கிறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினார்.

கொஞ்ச நேரத்தில் வழி திறந்தது. அவர் கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுத்தார். ஃப்ளைவீல் ஆசையாய்ப் பிளேட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்ஜின் உறுமியது. லாரியோ பின்னால் நழுவியது.

"இப்பத்தான் முழுசா வந்துட்டேனே, பிடிச்சுக்கோ!" என்று கத்தியது ஃப்ளைவீல்.

"பிடிச்சுக்கிட்டுதாண்ணே இருக்கேன்" என்றது பிளேட். "பிடிக்கிறதுக்கு என்கிட்டதான் ஒண்ணும் மிச்சமில்ல."

அப்போதுதான் சடையப்பனின் கை ஹேண்ட் பிரேக்கைத் தேடியது.